கடலுக்குப் போகும் சந்துகள்

தாம்பரத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்றுதான் போகிறார்கள். வண்டலூரில் கிழக்கே திரும்பி, மாம்பாக்கத்தில் மறுபடி பிரிந்து, காயார், வெண்பேடு, இள்ளலூர் வழியாகத் திருப்போரூரைப் பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். காப்புக்காடும் ஏரிக்கரையும் பனையும் மாறி மாறி வரும் பாதை அது. மழைக்குப் பிறகு பள்ளம் எது, சாலை எது என்று தெரியாது. சித்திரை வெயிலில் பனையடியில் வண்டியை நிறுத்தினால், அரிவாளால் சீவிய நுங்கை ஓலையில் வைத்துத் தருவார்கள்.

கரடுமுரடான பாதை, ஆளில்லாத கடற்கரை என்றதும் நம்மவர்களின் மனம் எரிமலைத் தீவுகளுக்குப் பறக்கிறது. தமிழ் வம்சாவளியினர் ஏராளமாக வாழும் ரீயூனியன் தீவின் எரிமலைப் பாதைகள் உலகப் புகழ் பெற்றவை. இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அந்தமானின் பாரன் தீவில் உள்ளது. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி சீறிய அந்தத் தீவைப் படகிலிருந்து பார்க்கலாம். கால் வைக்க முடியாது.

தாம்பரத்துக்காரர் காலடியில் இருப்பதோ அதைவிடப் பல மடங்கு பழைய கல். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கரும்பாறை, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லே போனதால் அதற்குச் சார்னாக்கைட் என்று பெயர் வந்தது. 1863 மே 30 அன்று அதே பல்லாவரத்தில்தான் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அந்தப் பாறையில் தொடங்கி மணலில் முடிகிறது இந்தப் பயணம். அரை நாள் போதும்.

திருப்போரூரைத் தாண்டினால் உப்பங்கழி. பழைய மகாபலிபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாயும் கழியும் நீண்டு கிடக்கின்றன. கடக்க ஒரு சில இடங்களே உண்டு. திருப்போரூர் - நெம்மேலி சாலை அவற்றில் ஒன்று. இருபுறமும் தண்ணீர். இந்தக் கழியில் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிடித்த இறால் பனையோலைப் பறிக்குள் விழும். பறியின் வாயைப் பல்லில் கவ்வியிருப்பார்கள், இரண்டு கையும் வேலையில் இருப்பதால். இந்தப் பகுதியில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று 2025 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. சென்னைக்குக் குடிநீர் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் பறியைக் கவ்வி நிற்பவர்களைக் கேட்காமல் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது.

நெம்மேலிக்கு அப்பால் தெற்கே பட்டிபுலம், சாலவான்குப்பம், தேவனேரி. குப்பத்துச் சந்துக்குள் நுழைந்தால் தார் முடிந்து மணல் தொடங்கும். இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் படர்ந்த மேடு, அதற்கப்பால் ஃபைபர் படகுகள், சிக்கெடுக்கக் காத்திருக்கும் வலைகள், அப்புறம் கடல். சாலவான்குப்பத்தில் 2004 ஆழிப்பேரலை வெளிக்காட்டிய பாறைக் கல்வெட்டைப் பின்தொடர்ந்துதான் தொல்லியல் துறை அடுத்த ஆண்டு செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயிலைத் தோண்டியெடுத்தது. அங்கே பெரும்பாலும் கூட்டமில்லை. அதுதான் அதன் அழகு.

இதே கரையில் வடக்கே உள்ள கோவளத்துக்கு 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. கழிப்பறையும் உயிர்காப்பாளரும் வந்தது நல்லது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது தேவை. ஆனால் எல்லாக் கடற்கரையையும் கோவளமாக்கத் துடிக்க வேண்டாம். அமைதியான கரைக்கு நடைமேடையும் செயற்கைப் புல்லும் எதற்கு? அதற்கு வேண்டியது அடைபடாத ஒரு வழி. விடுதிச் சுவர்களும் பண்ணை வீட்டு வேலிகளும் நீள நீள, சாலையிலிருந்து கடல் தெரிவதே அரிதாகிவிட்டது. அலை ஏறி இறங்கும் மணல் யாருடைய பட்டாவிலும் இல்லை. ஆனால் அதை அடையும் வழி போய்விட்டால் அந்த உரிமை ஏட்டோடு சரி. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று குறிக்கப்பட்ட ஒவ்வொன்றையும் செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் அளந்து, ‘கடலுக்கு வழி’ என்று பலகை வைக்க வேண்டும். முதலில் மீனவர்களின் படகுக்கும் வலைக்கும், பிறகு நமக்கு.

போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. குப்பம் என்பது அவர்கள் வீட்டு வாசல். காயப்போட்ட நெத்திலிமேல் வண்டியை ஏற்றாதீர்கள். இந்தக் கரைகளில் நீரோட்டம் கடுமை, காலை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். உயிர்ப்பலிகள் ஆண்டுதோறும் தொடர்கின்றன.

தை முதல் பங்குனி வரை இதே மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலைகளில் சிக்கி மூச்சுத்திணறியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதிலிருந்து தப்பி வந்தவை இட்ட முட்டைகள் 45 நாள் கழித்துப் பொரியும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் நகரும். கடலோர விடுதிகள் அந்த மாதங்களில் கடல் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவைத்தால், குஞ்சுகள் சாலைப் பக்கம் திரும்பாமல் தண்ணீரில் இறங்கிவிடும்.