முதியோர் குடியிருப்பு: பழியா, வழியா?

ஞாயிறு மாலைகளில் நமது விடுதி மாடிப்படிகளைப் பாருங்கள். படிக்கு ஒரு தமிழ் மாணவர். ஒவ்வொருவர் காதிலும் தொலைபேசி. "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று நாம் கேட்கிறோம். "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று ஊரிலிருந்து பதில் வருகிறது. நாமும் நம்பிவிடுகிறோம். நம்புவது நமக்கு வசதியாக இருக்கிறதன்றோ!

சென்ற விடுமுறையில் என் பாட்டி ஒரு கேள்வி கேட்டார். "கோயமுத்தூர்ப் பக்கம் வயதானவர்களுக்கென்றே வீடு கட்டி விடுகிறார்களாமே, நானும் தாத்தாவும் அங்கே போய்விடட்டுமா?" மும்பையில் வேலை பார்க்கும் என் தந்தை பதறிப்போனார். "ஊர் என்னம்மா சொல்லும்?" என்றார். பாட்டி அமைதியாகச் சொன்னார்: "ஏண்டா, ராத்திரியிலே நெஞ்சு வலித்தால் ஊரா வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் எவரிடமும் விடையில்லை. உங்கள் வீட்டில் உண்டா, நண்பர்களே?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே இந்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேல். நாடு முழுவதற்கும் நூற்றுக்கு எட்டரை என்றால், தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். பிள்ளைகளோ படிப்புக்கும் பிழைப்புக்கும் திசைக்கொருவராய்ப் பிரிந்து கிடக்கிறோம். பூட்டிய வீட்டுக்குள் தனியே கிடப்பதுதான் குடும்பப் பெருமை என்றால், அப்பெருமை யாருக்கு வேண்டும்?

எனவே, பெற்றோர் தாமே விரும்பிச் செல்லும் முதியோர் குடியிருப்பைப் பழியென்று தூற்றுவது தவறு என்பேன். வழுக்காத தரை, குளியலறையில் கைப்பிடி, கட்டிலருகே அழைப்பு மணி, வேளைக்கு உணவு, பேச்சுக்குத் துணை, இவை இழிவல்ல. அவர்களைக் கேட்காமலே கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வருவதுதான் இழிவு.

ஆயினும் வண்ண விளம்பரத்தைக் கண்டு மயங்கிவிடவும் கூடாது. தாமே நடமாடக்கூடியவர் தனித்து வாழும் வீடு வேறு. குளிக்கவும் உடுக்கவும் கைத்துணை வேண்டுவோர்க்கான பகுதி வேறு. நினைவு தப்பியவர்க்கான பராமரிப்பு வேறு. இம்மூன்றும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. இன்று நடக்கிறவர் நாளை படுத்துவிட்டால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா? அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு? மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எப்படி ஏறும்? இருவரில் ஒருவர் மறைந்தால் மற்றவர் நிலை என்ன? விலகினால் முன்பணம் திரும்புமா? இவற்றையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற்ற பின்பே கையெழுத்திட வேண்டும். இத்தகைய இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறைகளை மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்டது. நெறிமுறை ஏட்டில் இருந்தால் போதாது. மாநிலங்கள் அதைச் சட்டமாக்கிக் காக்க வேண்டும்.

பணமில்லாதவர் கதி? 2007ஆம் ஆண்டுச் சட்டம், ஏழை முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாவட்டந்தோறும் படிப்படியாக அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்ற சொல் "அமைத்தே தீரவேண்டும்" என்றாக வேண்டும். முதுமையின் நிம்மதி பணம் படைத்தவரின் தனிச்சொத்தாகிவிடக் கூடாது. அதே சட்டம், பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை என்றும் கூறுகிறது. ஆனால் சிறைக்கு அஞ்சிக் காட்டும் அன்பு அன்பாகுமா?

நண்பர்களே! கட்டணம் செலுத்துவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. சோறும் மருந்தும் குடியிருப்பு தரும். பேரன் முகத்தை அது தராது. வருகிற விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவரிடம், "உங்களுக்கு எங்கே, யாரோடு இருக்க விருப்பம்?" என்று கேளுங்கள். கேட்டபின் குறுக்கே பேசாதீர்கள்.

என் தந்தை மனமிரங்கிவிட்டார். கோடையில் நால்வருமாகக் கோயமுத்தூர் சென்று பார்த்து வருவதாக முடிவு. கேள்விகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது; முடிவு சொல்லப்போகிறவர் பாட்டிதான்.