மூன்று முறை தோற்கும் உரிமை



மனித இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் திறந்து மூடுகிறது அதனுள்ளே இருக்கும் வால்வு. ஆண்டொன்றுக்கு மூன்றரைக் கோடி முறைக்கும் மேல்! பழுதுபட்ட வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தினால், அதுவும் அப்படியே உழைத்தாக வேண்டும். ஓய்வு கிடையாது, ஒருமுறை ஒட்டிக்கொண்டாலும் உயிர் போய்விடும்.

அத்தகைய வால்வை இந்த நாட்டிலேயே ஆக்கிக்காட்ட முனைந்தது திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். முன்னின்றவர் டாக்டர் வலியத்தான். முதல் மாதிரி தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதும் தோற்றது! நான்காவதுதான் வென்றது. 1990 டிசம்பரில் அது நோயாளி ஒருவரின் நெஞ்சிலே இடம் பெற்றது. பின்னர் பல்லாயிரவரின் நெஞ்சிலே துடித்தது.

மூன்று முறை தோற்றவர் கையில் நான்காம் முறையும் பணம் கொடுத்தது யார்? வட்டிக்கடையா? பங்குச் சந்தையா? இல்லை, தோழரே! உழுபவனும் நெய்பவனும் செலுத்திய வரிப்பணம்!

அது அரசு நிலையம், தாங்கிற்று. இன்று மருத்துவக் கருவி செய்யப் புறப்பட்டிருப்போரில் பலர், வாடகை அறையிலே மேசை போட்டு அமர்ந்திருக்கும் நான்கைந்து இளைஞர்கள். ஆய்வுக்கூடச் சோதனை, விலங்குச் சோதனை, மனிதரிடம் சோதனை, அதன்பின் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி உரிமம் என்று அவர்கள் கடக்க வேண்டிய வாயில்கள் பல. விதிகள் வேண்டாம் என்று கூறவில்லை. உயிரோடு விளையாட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வாயில்களைக் கடக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒரு காசு விற்பனை இராது. வங்கிக்குச் சென்றால் ஈடு கேட்கிறார்கள். வீட்டை அடகு வைக்கலாம். மூளையை எந்த வங்கி அடகு பிடிக்கும்?

"தனியார் தொழிலுக்கு அரசுப் பணமா? சந்தை பார்த்துக்கொள்ளுமே!" என்பார் சிலர். சந்தையின் பெருமையைச் சலிக்காமல் பாடும் அமெரிக்கா செய்தது என்ன? 1982-இல் சட்டமே இயற்றிற்று! வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணமாக ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் வழங்கும் ஒவ்வொரு துறையும், அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்றது. 2017 முதல் அந்தப் பங்கு 3.2 விழுக்காடு. கடன் அன்று, மானியம்! முதற்கட்டத்தில் சிறு தொகை; தேறினால் இரண்டாம் கட்டத்தில் பெருந்தொகை; கண்டுபிடிப்பின் உரிமையோ நிறுவனத்துக்கே. கைநடுக்கம் உள்ளவர் சிந்தாமல் உண்ண, நடுக்கத்துக்கு எதிராக அசைந்துகொடுக்கும் கரண்டி ஒன்று அங்கே பிறந்தது இந்த உதவியால்தான்.

அந்தச் சிறு நிறுவனத்தை 2014-இல் கூகுள் வாங்கிக்கொண்டது. "மக்கள் பணத்தில் முளைத்த பயிரை மாபெரும் நிறுவனம் அறுப்பதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! அதற்கு விடை, வயலுக்கு நீரை நிறுத்துவதன்று. விளைச்சலில் ஊருக்குப் பங்கு கேட்பது.

இங்கே என்ன நிலை? 2012-இல் 'பைராக்' என்னும் கழகத்தை மத்திய அரசு நிறுவிற்று. அதன் தொடக்க மானியம் 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை. நல்ல ஏற்பாடு, மனமாரப் பாராட்டலாம். ஆனால் பதினெட்டு மாதத்தில் மாதிரி பிறக்கும். மருந்துக்கடைக்கு வரும் கருவி பிறக்காது. மாதிரி செய்து முடித்த இளைஞன் அதை ஏந்திக்கொண்டு மருத்துவமனை வாயிலுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"முன் அனுபவம் உண்டா?"

"இதுதான் முதல் கருவி ஐயா."

"மூன்றாண்டு விற்பனைக் கணக்கு?"

"தாங்கள் வாங்கினால்தானே ஐயா, கணக்குத் தொடங்கும்?"

"அயல்நாட்டுச் சான்று?"

இளைஞன் வாய் திறக்கவில்லை. திரை விழுகிறது! ஒரு கை மானியம் கொடுக்க, மறு கை கதவை மூடுகிறது. இரண்டும் அரசின் கைகளே!

ஆகவே நாம் கேட்பது மூன்று. முதலாவது, ஆராய்ச்சிப் பணத்தில் சிறு நிறுவனங்களுக்கான பங்கு சட்டத்தால் உறுதிசெய்யப்படட்டும். ஆண்டுதோறும் நிதியமைச்சரின் முகம் பார்த்து நிற்கும் நிலை வேண்டாம். அந்தச் சட்டத்துக்குக் காலக்கெடுவும் வேண்டாம். அமெரிக்கச் சட்டத்தின் கெடு 2025 செப்டம்பர் 30-இல் முடிந்து, உரிய நாளில் நீட்டிப்பு வராததால், புதிய உதவிகள் அங்கேயே நின்றுபோயின என்பது நமக்குப் பாடம். இரண்டாவது, தரச் சோதனையில் தேறிய கருவிக்கு அரசு மருத்துவமனையே முதல் வாடிக்கையாளர் ஆகட்டும். மூன்றாவது, மானியத்தில் பிறந்த கருவி, நிறுவனம் எவர் கைக்கு மாறினாலும், அரசு மருத்துவமனைக்கு நியாய விலையில் வரவேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்படட்டும்.

தோற்றவர்களின் பட்டியலைக் காட்டி "பணம் பாழ்" என்று சிலர் பேசக்கூடும். அப்போது, தோழரே, அந்த வால்வின் கதையைச் சொல்லுங்கள். மூன்றாவது தோல்வியோடு பெட்டியைப் பூட்டியிருந்தால், நான்காவது வால்வு ஏது? அதை நம்பித் துடித்த நெஞ்சங்கள்தாம் ஏது?