“உட்காருங்கள்” என்று சொல்லாதீர்கள்



“அம்மா, நீங்கள் உட்காருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.” புக்கிட் பாத்தோக்கில் உள்ள எங்கள் வீட்டில் நான் நாள்தோறும் சொல்லிவந்த சொற்கள் இவை. என் தாயார் ஒருமுறை சமையலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அச்சம் குடிபுகுந்தது. அவர் நடையைக் குறைத்தார். நானும் அன்பென்று எண்ணி அதை ஊக்குவித்தேன். சில மாதங்களில் நாற்காலியிலிருந்து எழுவதற்கே அவருக்கு என் கை தேவைப்பட்டது. அப்போதுதான் என் தவறு எனக்கு விளங்கியது.

பயன்படுத்தாத தசை வலுவிழக்கும். வலுவிழந்த கால் மீண்டும் இடறும். விழுந்துவிடுவோமோ என்ற அச்சமே அடுத்த வீழ்ச்சிக்கு வழி வகுக்கிறது.

மூத்தோர் வாழும் வீடுகளில் கைப்பிடிகள் பொருத்தவும் குளியலறைத் தரையின் வழுக்கலைக் குறைக்கவும் வீவக 2012 முதல் உதவி வருகிறது. செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மிக நல்ல திட்டம். ஆயினும், சுவரிலுள்ள கைப்பிடி தேக்கா சந்தைக்கு உடன் வராது, கால்கள்தாம் வரும். 2019இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஆராய்ந்து, உடற்பயிற்சியால் முதியோர் விழுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாகக் கண்டது. சமநிலைப் பயிற்சிகளுக்கு அதில் முக்கிய இடம் உண்டு.

பயிற்சிகள் எளியவை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்றல். குதிகால்களை உயர்த்தித் தாழ்த்தல். ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டி வைத்து நடத்தல். உறுதியான நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல். அருகில் ஒருவர் இருக்கட்டும். தலைச்சுற்றல் உள்ளவர்களும் அண்மையில் விழுந்தவர்களும் முதலில் மருத்துவரையோ இயன்மருத்துவரையோ கேட்க வேண்டும்.

ஆசிரியர்களே, இதையே ஒரு வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் என்ன? பாட்டி ஒற்றைக் காலில் நிற்கட்டும். பேரப்பிள்ளை தமிழில் எண்ணட்டும். ஆங்கிலமே பேசும் வீட்டிலும் அந்தச் சில நிமிடங்கள் தமிழ் ஒலிக்கும். பிள்ளையின் நாவுக்கும் பாட்டியின் காலுக்கும் ஒருசேரப் பயிற்சி கிடைக்கும்.

பெற்றோர்களே, முதியோரை அமர வைப்பது மட்டுமே அன்பன்று. அவர்கள் எழும்போது அருகில் நிற்பதும் அன்புதான். எங்கள் வீட்டில் இப்போது இரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். அம்மாவுடன் நானும் ஒற்றைக் காலில் நிற்கிறேன். முதலில் தடுமாறுபவள் பெரும்பாலும் நான்தான்!