கடலை எண்ணெய்க்குத் தர விலை எப்போது?

கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படை இறக்குமதி வரியை மத்திய அரசு 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக்கியது. 2025 மே இறுதியில் 10 சதவீதமாகக் குறைத்தது. கடலை விலை என்ன ஆகும் என்பதே அப்போது பேச்சாக இருந்தது. அந்த எண்ணெய் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதும் விவசாயிக்கு வேண்டிய கணக்குதான்.

நாம் உண்ணும் கொழுப்பு வெறும் எரிபொருள் அல்ல. அது செல்களின் சவ்வில் சேர்கிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்களும் தணிக்கும் பொருள்களும் அதிலிருந்தே உருவாகின்றன. சில கொழுப்பு அமிலங்கள் செல்லின் உட்கருவில் உள்ள புரதங்களோடு ஒட்டி, மரபணுக்களுக்கு சுவிட்ச் போல வேலை செய்கின்றன. மரபணு மாறாது, எது இயங்க வேண்டும், எது ஓய வேண்டும் என்பது மாறும். மத்தி, அயிலை மீன்களின் ஒமேகா-3 அழற்சி மரபணுக்களை அடக்குகிறது. பாமாயிலில் சுமார் 44 சதவீதம் உள்ள பால்மிடிக் அமிலம், ஆய்வகச் செல்களில் அழற்சியைத் தூண்டுகிறது.

அதற்காகப் பாமாயிலை விஷம் என்பது மிகை. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதை ஏழை வீடு எப்படி ஒதுக்கும்? சூரியகாந்தியின் ஒமேகா-6 உடலைப் புண்ணாக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. செறிவுற்ற கொழுப்பின் இடத்தில் செறிவுறாத கொழுப்பு வந்தால் இதய நோய் ஆபத்து குறையும் என்பதே உறுதியானது.

இங்கேதான் கிர்னார்-4, கிர்னார்-5 நிலக்கடலை ரகங்கள் முக்கியமாகின்றன. 2020இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இவற்றில், செறிவுறாத கொழுப்பான ஒலிக் அமிலம் சுமார் 80 சதவீதம். சாதாரணக் கடலையில் 40 முதல் 50 சதவீதம். இவை மரபணு மாற்றுப் பயிர்கள் அல்ல, ஒட்டுச்சேர்க்கையில் வந்தவை. எண்ணெயில் சிக்கு வாடை எளிதில் வராது. மிட்டாய், வறுகடலைத் தொழிலுக்கு அது பெரிய லாபம்.

விற்பனைக்கூடத்திலோ ஈரப்பதத்தையும் தேறும் பருப்பையும் பார்த்தே விலை வைக்கிறார்கள். ஒலிக் அளவுக்குத் தனி விலை இல்லாவிட்டால் யார் விதைப்பார்கள்? 2030-31 வரை நடக்கும் 10,103 கோடி ரூபாய் எண்ணெய் வித்து இயக்கம் விளைச்சலைக் கூட்டுவதோடு நிற்காமல், கொள்முதல் இடத்திலேயே ஒலிக் பரிசோதனைக்கும் வழி செய்ய வேண்டும்.

அதுவரை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் விதைப்புக்கு முன்பே வாங்குபவரோடு விலை பேசிக்கொள்வது நல்லது. கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் சொந்த விதையை எடுத்து வைக்கலாம். ஆனால் களத்தில் வேறு ரகத்தோடு கலந்துவிட்டால் அந்த 80 சதவீதம் நிற்காது.