இங்கிலாந்தில் வீடு: "ஓகே" சொன்ன பிறகும் விற்பவர் மனம் மாறலாமா?

லண்டன், மான்செஸ்டர் அடுக்குமாடி வீடுகளுக்கான விளம்பரங்களைச் சிங்கப்பூரில் அடிக்கடி பார்க்கலாம். அங்கே படித்து, வேலை கிடைத்து, அங்கேயே வீடு வாங்க நினைக்கும் இளையர்களும் உண்டு.

விலை கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிடலாம். சட்டத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நமக்குப் பழகிய நடைமுறை அங்கே இல்லை.

இங்கிலாந்தில் வீடு வாங்குவோரும் விற்போரும் அடிக்கடி கேட்கும் 7 கேள்விகள் இதோ. ஸ்காட்லந்தில் சட்டம் வேறு.

விலைக்கு ஒத்துக்கிட்டாங்க. இனி வீடு எனக்குத்தானே?

இல்லை.

1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். எல்லா நிபந்தனைகளும் அதில் இடம்பெற வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். "உங்கள் விலையை ஏற்றுக்கொண்டார்கள்" என்று சொத்து முகவர் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது.

சிங்கப்பூரில் வீவக மறுவிற்பனை வீட்டுக்கு 'ஆப்ஷன்' வாங்கிவிட்டால் 21 நாளுக்கு உரிமையாளர் அதை வேறு யாருக்கும் விற்கமுடியாது. இங்கிலாந்தில் அப்படி ஒரு பாதுகாப்பு தானாகக் கிடைக்காது.

அதனால் இன்னொருவர் கூடுதல் விலை கொடுத்தால் விற்பவர் அவர் பக்கம் போகலாம். இதை 'கஸம்பிங்' என்கிறார்கள். வாங்குபவரும் கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கச் சொல்லலாம், விலகியும் போகலாம்.

அதற்குள் நீங்கள் வழக்கறிஞருக்கும் கட்டட ஆய்வுக்கும் செலவு செய்திருப்பீர்கள். அந்தப் பணத்தை மறுதரப்பிடம் பொதுவாகக் கேட்டு வாங்கமுடியாது.

அப்படின்னா எப்போதான் உறுதியாகும்?

'எக்ஸ்சேஞ்ச்' நாளில். கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பு வழக்கறிஞர்களும் பரிமாறிக்கொள்ளும் நாள் அது. வாங்குபவர் வழக்கமாக விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டுவார்.

அதன் பிறகு மனம் மாறினால் முன்பணத்தை இழக்கலாம். விற்பவர் இழப்பீடும் கேட்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்று: சாவி கைக்கு வருவது 'கம்ப்ளீஷன்' நாளில்தான். ஆனால் வழக்கமான ஒப்பந்த விதிகளின்படி, வீட்டுக்கு ஏதாவது ஆனால் அந்த இழப்பு 'எக்ஸ்சேஞ்ச்' நாளிலிருந்தே வாங்குபவருடையது. தனிவீடு என்றால் காப்புறுதியை அன்றே தொடங்கச் சொல்வார்கள் வழக்கறிஞர்கள். அடுக்குமாடி வீடு என்றால் கட்டடத்தின் காப்புறுதி நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

வீட்டில் குறை இருந்தா விற்றவர் பொறுப்பா?

பெரும்பாலும் இல்லை. கட்டடக் குறைகளைக் கண்டுபிடிப்பது வாங்குபவர் வேலை என்பதே அங்கே பொது விதி. அதனால் கட்டட ஆய்வுக்குச் செலவு செய்யத் தயங்கக்கூடாது.

ஆனால், கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் சொன்னால் கதை வேறு.

லண்டனின் நாட்டிங் ஹில்லில் 2019ஆம் ஆண்டு 32.5 மில்லியன் பவுண்டுக்குக் கைமாறிய மாளிகையில் துணி அரிக்கும் அந்துப்பூச்சிகள் பெருகியிருந்தன. பூச்சித் தொல்லை பற்றி விற்பவர் தந்த பதில்கள் பொய்யானவை என்று 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது.

அதனால் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

99 ஆண்டுக் குத்தகை நமக்குப் பழக்கம்தானே?

பெயர்தான் ஒன்று. இங்கிலாந்தின் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவை குத்தகை வீடுகள். ஆனால் நிலத்தின் உரிமையாளர் ஒரு தனியார் நிறுவனமாகவோ தனிநபராகவோ இருக்கலாம். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறலாம்.

2022 ஜூன் 30 முதல் போடப்படும் பெரும்பாலான புதிய குத்தகைகளுக்கு நில வாடகை கிடையாது. பழைய வீடு வாங்குவோர் நில வாடகை எவ்வளவு, எப்படி உயரும் என்று பார்க்கவேண்டும்.

எஞ்சிய குத்தகை 80 ஆண்டுக்குக் கீழ் போனால் அதை நீட்டிக்கும் செலவு கூடும். முன்பு வீடு வாங்கி 2 ஆண்டு காத்திருந்த பிறகே நீட்டிப்புக் கேட்கமுடியும். 2025 ஜனவரி 31 முதல் அந்தக் காத்திருப்பு இல்லை.

முத்திரை வரி எவ்வளவு?

300,000 பவுண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

- வழக்கமான வரி: 5,000 பவுண்டு

- உலகில் வேறெங்காவது வீடு இருந்தால் கூடுதலாக 5 விழுக்காடு: 15,000 பவுண்டு

- வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாளாவது பிரிட்டனில் இல்லாதிருந்தால் மேலும் 2 விழுக்காடு: 6,000 பவுண்டு

மொத்தம் 26,000 பவுண்டு. 'கம்ப்ளீஷன்' முடிந்து 14 நாளுக்குள் கட்டவேண்டும்.

பிள்ளைக்கு வாங்கும் வீட்டில் பெற்றோர் பெயரையும் சேர்த்தால் கவனம். வாங்குவோரில் ஒருவருக்கு ஏற்கெனவே வீடு இருந்தாலே பொதுவாகக் கூடுதல் வரி முழு விலைக்கும் வரும்.

விற்கும்போது?

வெளிநாட்டில் வசிப்பவர் இங்கிலாந்தில் இருக்கும் வீட்டை விற்றால், 60 நாளுக்குள் பிரிட்டிஷ் வரித் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். லாபமே இல்லாவிட்டாலும் தெரிவிக்கவேண்டும். தாமதித்தால் அபராதம் வரலாம்.

இந்த நடைமுறை மாறுமா?

மாறலாம். வீடு விற்பனைக்கு வரும்போதே முக்கியத் தகவல்களை விற்பவர் தரவேண்டும், விரும்புவோர் முன்கூட்டியே கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்ற யோசனைகளை 2025 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசாங்கம் முன்வைத்தது. விற்பனைகள் பாதியில் முறிவதைக் குறைப்பது நோக்கம்.

அது சட்டமாகும்வரை பழைய விதிதான். விலை பேசி முடித்ததும் வீடு விளம்பரத்திலிருந்து நீக்கப்பட்டதா என்று கேளுங்கள். குறிப்பிட்ட நாள்களுக்கு வேறு யாருடனும் பேசமாட்டோம் என்ற எழுத்து உறுதியை விற்பவரிடம் பெறமுடியுமா என்று வழக்கறிஞரிடம் விசாரியுங்கள்.

பணம் அனுப்பும் முன்பு வழக்கறிஞரின் வங்கிக் கணக்கு எண்ணைத் தொலைபேசியில் பேசி உறுதி செய்யுங்கள். "கணக்கு எண் மாறிவிட்டது" என்று வரும் மின்னஞ்சல், மோசடிக்காரர் அனுப்பியதாக இருக்கலாம்.