மேடையைச் சந்தைக்குக் கொண்டு போவோமா?

வசந்த காலம் என்றொன்று நம் நாட்டில் இல்லை. வெயில், மழை, சில ஆண்டுகளில் புகைமூட்டம், அவ்வளவுதான். ஆனால் கலைக்கென்று ஒரு பருவம் நமக்கும் உண்டு. தைப்பொங்கல் தொடங்கிச் சித்திரைப் புத்தாண்டு வரை எந்த வளாகத்துக்குப் போனாலும் ஏதாவதொரு தமிழ் நிகழ்ச்சியின் பதாகை தொங்கிக்கொண்டிருக்கும். இந்தப் பருவத்தில் என்னைத் துளைக்கும் கேள்வி ஒன்றை உங்கள்முன் வைக்கிறேன், தோழர்களே. நம் கலை ஏன் எப்போதும் மண்டபத்துக்குள்ளேயே நடக்கிறது? சந்தைக்கு ஏன் வருவதில்லை?

சந்தையா என்று சிரிக்க வேண்டாம். இரண்டு சந்தைகளின் வயதைச் சொல்கிறேன். 1965இல் அமைக்கப்பட்ட ஃபாமா என்னும் கூட்டரசு வேளாண் விற்பனை வாரியம், 1985இல் பாசார் தானித் திட்டத்தைத் தொடங்கியது. விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் வாங்குபவரிடம் நேரே விற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 2025இல் அதற்கு 40 வயது நிறைந்தது. வாகன நிறுத்துமிடங்களிலும் விளையாட்டரங்கு ஓரங்களிலும் காலையில் கூடாரங்களாக முளைத்து, நண்பகலுக்குள் காணாமல் போகும் சந்தை அது.

இன்னொன்று, தலைநகரின் பாசார் செனி. 1888இல் ஈரச்சந்தையாகத் தொடங்கிய இடம். இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1937இல் எழுந்தது. பிறகு அதை இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, மரபுக் கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களால் அது தப்பியது. 1986இல் கலை, கைவினை மையமாகக் கதவு திறந்தது. 2026இல் அதற்கும் 40 வயது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறந்த இரண்டு பிள்ளைகள்! ஒருவன் கையில் காய்கறி, மற்றவன் கையில் கலை. பாசார் செனியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு வணிக வளாகம் நின்றிருக்கும். ஆனால் கட்டடம் பிழைத்தது. மீனும் கீரையும் விற்றவர்கள் வெளியேறினார்கள். பெயரில் மட்டும் 'பாசார்' தங்கிவிட்டது. பாத்தேக் துணி கிடைக்கும், உங்கள் முகத்தை வரைந்து கொடுக்க ஓவியர் கிடைப்பார். பொங்கல் பானையில் கட்ட ஒரு மஞ்சள் கொத்து வேண்டுமென்றால் வேறு இடம்தான் தேட வேண்டும்.

தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டி தாத்தாக்கள் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. சம்பள நாளன்று துணி வியாபாரியும் பலகாரக்காரரும் தோட்டத்துக்கே வந்து கடை விரிப்பார்கள் என்று என் பாட்டி சொல்வார். கோயில் திருவிழா என்றால் வளையல் கடையும் பொரிகடலையும் நாடகமும் ஒரே திடலில். நாடகம் பார்க்க வந்தவர் வளையல் வாங்கினார். வளையல் வாங்க வந்தவர் நாடகம் பார்த்தார். யாரும் நுழைவுச்சீட்டு கேட்கவில்லை.

கலையைச் சந்தைக்குக் கொண்டுவரும்போது தவறாகவும் செய்ய முடியும். எங்கள் ஊர்க் காலைச் சந்தையில் என் அத்தை முருங்கைக்கீரை, வெற்றிலை, கறிவேப்பிலை விற்கிறார். சில ஆண்டுகளுக்குமுன் அந்தச் சந்தைக்கு ஆண்டு விழா எடுத்தார்கள். மேடை போட வேண்டும் என்று கீரைக் கடைகள் இருந்த வரிசையையே அகற்றி, அவர்களை லோரிகள் நிற்கும் பின்பக்கத்துக்கு அனுப்பினார்கள். சிறப்பு வருகையாளர் வரத் தாமதம். பிறகு மாலை, உரை, மீண்டும் உரை. ஆடல் தொடங்கியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அத்தை பாதிக் கூடையோடு வீடு திரும்பினார். இரண்டு நாள் எங்கள் வீட்டில் முருங்கைக்கீரைதான். சந்தையின் பிறந்தநாளில் சந்தைக்காரருக்கே வியாபாரம் இல்லை! மண்டபத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சந்தையில் வைத்தால் இதுதான் நடக்கும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன் நான். அங்கே மலாய்ப் பாடத்தில் 'கெடாய்' என்ற சொல் நம் 'கடை' என்று தெரிந்தபோது பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. வியாபாரத்தில் போடும் 'மோடால்' நம் 'முதல்'. 'மெம்பெலாம்' நம் மாம்பழம். இந்தச் சொற்களை மலாய் மொழிக்குள் கொண்டு சேர்த்தது எந்த மாநாடு? எந்தக் கலை இரவு? விற்றவரும் வாங்கியவரும் பேசிப் பேசிப் போய்ச் சேர்ந்தவை அவை. தமிழ் தமிழரல்லாதவரின் வாயில் ஏறிய இடம் சந்தை. அந்த இடத்தைத்தான் நாம் மறந்துபோனோம்.

நம் கலை இரவை எண்ணிப் பாருங்கள். மண்டப வாடகை, ஒலி, ஒளி, நினைவுப் பரிசு என்று ஆதரவாளர்களின் படியேறி நாம் திரட்டும் பணம் ஓர் இரவில் தீர்ந்துவிடுகிறது. பார்க்க வருவோர் யார்? நம் பெற்றோர், நம் முன்னாள் மாணவர்கள், பிற பல்கலைக்கழக நண்பர்கள். ஏற்கெனவே தமிழை நேசிப்பவர்களுக்கே தமிழை நேசிக்கச் சொல்கிறோம். கலை இரவை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒத்திகை பார்த்த அதே பத்து நிமிடத்தை ஒரு ஞாயிறு காலை வளாகத்துக்கு அருகிலுள்ள சந்தையில் கொடுத்துப் பார்ப்போம் என்கிறேன்.

நாற்காலி வேண்டாம், திறப்புரை வேண்டாம். எங்கே நிற்பது என்பதைக் கடைக்காரர்களிடமே கேட்போம். ஓர் உறுமி, ஒரு சிறுகதையை நடித்துக் காட்ட நான்கு பேர். பக்கத்தில் ஒரு சிறு மேசை போட்டு, வருபவரின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சீன ஆச்சியும் மலாய்ச் சிறுமியும் அதை வீட்டுக்குக் கொண்டு போவார்கள். கீரை விற்கும் அக்காமார்களுக்கு விலைப் பலகையைத் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என நான்கு மொழியில் எழுதித் தரலாம். முடிந்ததும் நடித்தவர் அனைவரும் ஆளுக்கு இரண்டு வெள்ளிக்காவது காய் வாங்கியாக வேண்டும். இதை விதியாகவே வைக்கலாம்.

தமிழைத் தெருவில் நிறுத்தித் தரம் தாழ்த்துவதா என்று மூத்தவர் சிலர் கேட்கக்கூடும். உறுமி என்றாலே முகம் சுளிப்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு என் பதில் எளிது. மண்டபத்தில் கைதட்டல் மரியாதைக்காகவும் கிடைக்கும். சந்தையில் நம் நடிப்பு நன்றாக இல்லையென்றால், காங்கோங் வாங்க வந்தவர் அடுத்த நொடி நகர்ந்துவிடுவார். இதைவிடக் கடுமையான நடுவர் எந்தப் போட்டியில் கிடைப்பார்?

அனுமதிக் கடிதத்தை நானே மலாயில் எழுதித் தருகிறேன். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு படித்தது அதற்குக்கூட உதவாவிட்டால் எப்படி? உறுமி ஒன்று நம் கழகத்தின் பொருளறையில் சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து வரச் சம்மதிக்கும் பத்துப் பேர்தான் இன்னும் வேண்டும்.