படப்புத்தகத்திற்கு மட்டும் ஃபத்வா கேட்கும் பெற்றோரே!



சென்ற மாதம் மக்ரிப் தொழுகைக்குப் பின் மதரஸா வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். "ஹஸ்ரத், பிள்ளைக்குப் படம் போட்ட கதைப்புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமா? மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார். பேணுதலோடு கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் அவர் இடுப்பிலிருந்த மூன்று வயதுக் குழந்தையின் கையில் கைப்பேசி இருந்தது. அதில் ஏதோ ஒரு கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசி முடிக்கும்வரை அக்குழந்தை ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை.

அந்தச் சகோதரியைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. அவர் கேட்கவாவது செய்தார். கைப்பேசி கூடுமா என்று இதுவரை ஒரு பெற்றோரும் என்னிடம் கேட்டதில்லை. நொடிக்கு நொடி மாறும் ஆயிரம் படங்களுக்கு எழாத ஐயம், பதினாறு பக்கப் புத்தகத்திலுள்ள ஒரு யானைக்கும் ஒரு பூனைக்கும் எழுகிறதே, ஏன்? நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

முதலில் மார்க்கத்தின் நிலையைப் பார்ப்போம். உருவம் வரைவது பற்றி நபிமொழிகளில் கடும் எச்சரிக்கை உள்ளது. அதை நான் மறைக்கவில்லை. அதன் விரிவு குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆயினும் ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளை வைத்து விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் வீட்டினுள் வரும்போது ஒளிந்துகொண்ட தோழியரை அவர்களே மீண்டும் விளையாட அனுப்பிவைத்ததும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. சிறகு வைத்த குதிரைப் பொம்மை ஒன்றைக் கண்டு நபியவர்கள் வினவியதும், ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று ஆயிஷா (ரலி) விடையளித்ததும், அதைக் கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் உள்ளன. இவற்றை ஆதாரமாகக் கொண்டு, குழந்தைகளின் விளையாட்டிற்கும் கல்விக்கும் சலுகை உண்டு எனப் பல அறிஞர்கள் கூறியுள்ளனர். இல்லை, கூடவே கூடாது என்ற கருத்தை ஏற்பவர்களையும் நான் மதிக்கிறேன். அவர்கள் மரமும் மலையும் மழையும் உள்ள புத்தகங்களைத் தேர்ந்துகொள்ளட்டும். ஆனால் அதே பேணுதலோடு வீட்டிலுள்ள திரைகளையும் அணைக்கட்டும். ஒரு கையால் கதவைச் சாத்திவிட்டு மறு கையால் சுவரை இடிப்பது பேணுதல் ஆகாது.

உண்மைக் காரணம் வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. கைப்பேசியைக் கொடுத்தால் பிள்ளை நம்மைத் தொந்தரவு செய்யாது. படப்புத்தகத்தைக் கொடுத்தாலோ, "உம்மா, இது என்ன? வாப்பா, இந்த எறும்பு எங்கே போகிறது?" என்று நம் மடியில் வந்து அமரும். புத்தகத்திற்கு வாசிப்பவர் ஒருவர் வேண்டும். கைப்பேசிக்கு எவரும் வேண்டியதில்லை. நாம் அஞ்சுவது படத்திற்கு அல்ல, அந்தப் பத்து நிமிடத்திற்கு. நம் நேரமின்மைக்கு மார்க்கத்தைச் சாக்காக்காதீர்கள்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. நூறு மசலாவை வீட்டுப் பெண்ணொருவர் ஓத, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் இருந்தது. கேள்வியும் விடையுமாக அமைந்த நூல் அது, கேட்பவரையும் சிந்திக்கவைப்பது. அதற்கும் முன்பே, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஉ அரபியில் ஆக்கிய 'கலீலா வ திம்னா' விலங்குக் கதைகளை நூற்றாண்டுக்கணக்கில் படங்களுடன் படியெடுத்தவர்கள் முஸ்லிம்களே. அக்கதைகளின் வேர் இந்த மண்ணின் பஞ்சதந்திரம். படமும் கதையும் நமக்கு நேற்று வந்தவை அல்ல.

இனி மறுபக்கத்தாரிடம் ஒரு வார்த்தை. 'இஸ்லாமியக் குழந்தை நூல்' என்ற பெயரில் பக்கத்திற்குப் பக்கம் கட்டளையும் எச்சரிக்கையும் அச்சிட்டு, கடைசிப் பக்கத்தில் ஐந்து வினாக்களும் சேர்த்துவிடுவோரும் நம்மிடையே உள்ளனர். அது கதைப்புத்தகம் அன்று. வண்ணம் பூசிய வினாத்தாள். குர்ஆனைப் பாருங்கள். ஸுலைமான் நபியின் படை வருவதைக் கண்டு தன் கூட்டத்தை எச்சரிக்கும் எறும்பு, செய்தி கொண்டுவரும் ஹுத்ஹுத் பறவை, குகைவாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருக்கும் நாய், மண்ணைக் கிளறிக் காட்டும் காகம்! யாவும் காட்சிகள். யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு, ஒரு சிறுவன் தான் கண்ட கனவைத் தந்தையிடம் சொல்வதில்தான் தொடங்குகிறது. அந்தத் தந்தை, 'வேலையாக இருக்கிறேன், பிறகு சொல்' என்று சொல்லவில்லை. செவி கொடுத்துக் கேட்டார். கனவைச் சொல்ல நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு செவி கிடைக்கிறதா?

நல்ல நூல்கள் இல்லை என்றும் இனிச் சொல்ல இயலாது. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழிலும் இருமொழியிலும் படப்புத்தகங்களை வெளியிட்டு வருகிறது. ஃபவ்ஸியா கிலானி-வில்லியம்ஸ் எழுதி அது வெளியிட்ட 'இஸ்மத்தின் ஈத்' கதையில், பெருநாளுக்கு வாங்கிய கால்சட்டை நீளமாகிப்போகிறது. முதலில் நேரமில்லை என்று சொன்ன வீட்டார், பின்னர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக அன்போடு அதைக் கத்தரித்துத் தைத்துவைக்கிறார்கள். விளைவை நீங்களே ஊகிக்கலாம். அதில் உபதேசம் ஒரு வரியும் இல்லை. குடும்பப் பாசம் முழுவதும் இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றி வாசிக்கலாம், அச்செடுக்கலாம். வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளன. குட்வேர்ட் புக்ஸ் குர்ஆன் கதைகளைப் படங்களுடன் தருகிறது. பணம் இல்லை என்பதும் ஏற்கத்தக்க காரணம் அன்று. ஒரு மாத டேட்டாவிற்குச் செலவிடுவதில் புத்தகங்கள் சில வாங்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இஷாவிற்குப் பின் பத்து நிமிடம் கைப்பேசிகள் அனைத்தும் அலமாரியில் இருக்கட்டும். வாப்பாமார்களும் வாசிக்க வேண்டும். இது உம்மாவின் வேலை மட்டும் அன்று. பிள்ளை ஒரே புத்தகத்தை முப்பது முறை கேட்டாலும் சலிக்காதீர்கள். கேள்வி கேட்டால் நிறுத்திப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதுவும் தர்பியத்தே. வெளிநாட்டிலிருக்கும் தந்தையர் இரவு அழைப்பில், "சாப்பிட்டாயா, ஓதினாயா" என்பதோடு நிறுத்தாமல் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள்.

"இக்ரஃ" என்ற முதல் கட்டளையை மேடைதோறும் முழங்கும் சமூகம் நாம். பிள்ளைகள் அதை ஒலிபெருக்கியில் கேட்டது போதும். இனி நம் மடியில் அமர்ந்து கேட்கட்டும்.

நம் வீடுகளை வாசிக்கும் வீடுகளாகவும், நம் மக்களைக் கண்குளிர்ச்சியாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.